மாத்த வேணாம்

"இருக்கறதுலயே நல்ல ரூட்டரா மாட்டச் சொல்லு, காசப் பாக்காத. பாஸ்வேர்ட மட்டும் மாத்த வேணாம், உனக்குத்தான் குழப்பம்," என்றான் வெளியூரில் வேலை பார்க்கும் கணவன், போனில். "முதல்ல சாப்பிடு. காலையிலேர்ந்து வெறும் வயிறு."

வாய்விட்டுச் சொல்லாததுகூட இந்த மனுஷனுக்கு எப்படித்தான் தெரியுமோ! அவள் பூரித்துப்போனாள். ஊர்க்கோடியில் தனியாக இருப்பவளுக்கு அந்த அக்கறைதானே துணை?

மெக்கானிக் புது ரூட்டரை மாட்டினான். பழைய பாஸ்வேர்டையே போட்டான். அப்போதும் நெட் ஆமையாகத்தான் ஊர்ந்தது. தன் போனில் எதையோ தட்டிப் பார்த்தவன் சிரித்தான்.

"ரூட்டர் மேல தப்பில்லக்கா. இந்த லைன்ல மூணு கேமரா ராப்பகலா படம் அனுப்பிட்டிருந்தா, மிச்சம் என்ன இருக்கும்?"

"கேமராவா? எங்க வீட்ல ஏது தம்பி கேமரா?"

"ஹால், கிச்சன், பெட்ரூம்னு பேரே வெச்சிருக்காங்கக்கா!"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. கணவன்தான்.

"மாட்டியாச்சா?" குரலில் அதே கனிவு. "அதுக்கு ஏம்மா தரையில உக்காந்துட்ட?"