அழிக்க வேண்டாம்

வாக்கெடுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உமேஷ் அந்தப் புகாரை மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

பீர்க்கன்கரணை வீட்டின் மாடி அறை. சனிக்கிழமை மாலை. லேப்டாப் திரையில் அவனோடு சேர்த்து ஏழு முகங்கள், ஏழு ஊர்கள். யாரும் இதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. ஓய்வு நேரத்தில், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் சிஸ்டம் ஒன்றை உருவாக்கி, கேட்பவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்பவர்கள்.

புதிய பதிப்பை நாளை வெளியிடுவதா, தள்ளிப்போடுவதா என்று முடிவு செய்யவேண்டும்.

தள்ளிப்போடும் பேச்சைக் கிளப்பியது ஒரே ஒருவர்தான். ஹெப்சி என்று பெயர். குழுவில் உறுப்பினர்கூட இல்லை. புகார்ப் பக்கத்துக்குத் தானாக வந்து எழுதியவர்.

பென் டிரைவிலிருந்து சிஸ்டத்தை இன்ஸ்டால் செய்யும்போது ஒரு பக்கம் வரும். அதில் ஒரு சின்னக் கட்டம், ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். பக்கத்தில் தமிழில் ஒரு வரி: ‘பழைய கோப்புகளை அழிக்க வேண்டாம்’.

பழைய, சின்ன மானிட்டர்களில் அந்த வரிக்கு இடம் போதவில்லை. ‘பழைய கோப்புகளை அழிக்க’ என்பதோடு நின்றுவிடுகிறது.

அவ்வளவுதான் புகார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அதை முதலில் பார்த்தவன் உமேஷ்தான். தோற்றத்தில் சின்னக் குறை, அவசரமில்லை என்று எழுதி மூடிவிட்டான். மூடும்போது கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அந்தத் தமிழ் வரியை எழுதியவனே அவன்தான்.

ஒரு வாரம் கழித்து ஹெப்சி அதை மறுபடியும் திறந்துவைத்திருந்தார்.

கோபமாக ஒரு சொல் இல்லை. ஜி.எஸ்.டி ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறார். கெஞ்சிக் கேட்டு, பதினோரு மானிட்டர்களில் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றையும் படமெடுத்து, அளவு எழுதி இணைத்திருந்தார்.

நான்கில் ‘வேண்டாம்’ இல்லை.

விவாதம் சூடுபிடித்தது. ஒரு சொல் குறைந்தால் என்ன, மிச்சத்தைப் படித்தாலே புரிந்துவிடுமே என்றார் வெளிநாட்டு நண்பர் ஒருவர்.

ஹெப்சி பொறுமையாக விளக்கினார். உங்கள் மொழியில் மறுப்பு முன்னாலேயே வந்துவிடும், வால் வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை. எங்களுக்குச் செய்வதா வேண்டாமா என்பதே கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. வாலை வெட்டினால், சொன்னது தலைகீழாகிவிடும்.

உமேஷ் அதை மூன்று முறை படித்தான். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. இது ஒருநாளும் அவனுக்கு உறைத்ததில்லை.

இன்னொருவர் விடவில்லை. இதனால் உண்மையிலேயே கோப்புகளை இழந்த ஒருவரையாவது காட்டுங்கள், பிறகு அவசரத்தைப் பற்றிப் பேசலாம் என்றார்.

அதற்கு ஹெப்சி எழுதியிருந்த பதிலில்தான் இப்போது உமேஷின் கண் நின்றது.

‘அலட்சியமானவர் எதையும் படிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவருக்கு ஒன்றும் ஆகாது. நின்று படித்து, அழித்துவிடப் போகிறதே என்று பயந்து டிக்கை எடுப்பவர்தான் எல்லாவற்றையும் இழப்பார். கவனமாக இருப்பவரை மட்டும் தண்டிக்கிற பிழை இது. ஆள் காட்டினால்தான் நம்புவீர்களா?’

எட்டு வருடமாக இந்தக் குழுவில் இருக்கிறான். கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறான், கோபித்துக்கொண்டு போகிறவர்களையும் பார்த்திருக்கிறான். இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

மணி ஆறு. வாக்கெடுப்பு தொடங்கியது.

மூன்று பேர் வெளியிடலாம் என்றார்கள். மூன்று பேர் தள்ளிப்போடலாம் என்றார்கள். எல்லா முகங்களும் உமேஷைப் பார்த்தன.

அவன் மைக்கைத் திறந்தான். அந்த வரியை எழுதியவன் நான், புகாரை மூடியவனும் நான், இரண்டுமே தப்பு என்றான். சரிசெய்யாமல் வெளியே விடக்கூடாது என்றான்.

ஒரு வாரம் தள்ளிப்போனது.

கூட்டம் முடிந்த கையோடு ஹெப்சிக்கு போன் செய்தான். ஏதாவது சந்தேகம் இருந்தால் கூப்பிடச் சொல்லி, புகாரின் அடியில் அவரே நம்பர் கொடுத்திருந்தார். குரோம்பேட்டையில்தான் வீடாம். மூன்று ஸ்டேஷன் தள்ளி.

விஷயத்தைச் சொன்னான். இத்தனை வருடத்தில் ஒரு புகாரை இப்படி யாரும் எழுதி அவன் பார்த்ததில்லை என்பதையும் சொன்னான். ஹெப்சி நன்றி சொல்லிவிட்டு, வரியை மாற்றப் போகிறீர்களா, கட்டத்தை அகலப்படுத்தப் போகிறீர்களா என்று கேட்டார். இரண்டும்தான் என்றான்.

முதல் தடவை புகார் எழுதியபோது அவர் அனுப்பிய படம் ஏதோ ஒரு காலேஜ் லேபில் எடுத்தது. வரிசையாகப் பழைய மானிட்டர்கள். அந்த லேபுக்கு ஒருநாள் லீவு போட்டுத் தானே வந்து, எல்லா சிஸ்டத்திலும் புதுப் பதிப்பைப் போட்டுத் தருவதாகச் சொன்னான்.

“நான் இப்ப அங்க வேலை பாக்கல சார்” என்றார் ஹெப்சி. “அந்த டிக்கை எடுத்தது நான்தான். ஃபைனல் இயர் பசங்களோட ப்ராஜெக்ட் மொத்தமும் போயிடுச்சு. மறுநாளே என்னை அனுப்பிட்டாங்க.”

இதை முதல் நாளே எழுதியிருந்தால் ஒருவரும் எதிர்த்துப் பேசியிருக்க மாட்டார்களே என்று உமேஷ் மெல்லக் கேட்டான்.

“எழுதியிருந்தா எல்லாரும் என்னைப் பாத்திருப்பாங்க சார். அந்த வரியைப் பாத்திருக்க மாட்டாங்க.”