பத்தாவது நாடு

"ஒன்பது நாடுதான் வந்திருக்குதுங்க சார். சிலி நாட்டுப் பையனுக்கு விசா கிடைக்கலையாம்," என்றாள் பள்ளிக் கிளார்க் மலர்.

தாளாளர் தனபால் நாற்காலியில் சாய்ந்தார். இளம் ஆராய்ச்சியாளர் போட்டிக்குப் பத்து நாடு சேராவிட்டால் 'சர்வதேச' என்ற பட்டம் கிடையாது. அவரோ ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த வார்த்தையைப் பேனரில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"லாட்ஜுல வெளிநாட்டுக்காரங்க யாராச்சும் தங்கியிருக்காங்களான்னு விசாரி."

"விசாரிச்சுட்டேனுங்க. ஒருத்தர் இருக்காருங்க. வயசு எழுபது."

"பார்க்க எப்படி இருப்பாரு?"

மலர் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். "ஏனுங்க சார், லிஸ்ட்ல இந்தியாவே இல்லீங்களே?"

"நாம நடத்தறவங்கம்மா. மண்டபத்துக்காரனே மாப்பிள்ளையா உக்காருவானா?"

"விதியில தடை ஒண்ணும் இல்லீங்க. வாழவந்தி ஊரு அமுதவல்லி, நம்ம பிளஸ் டூ புள்ள, மனு குடுத்திருந்துச்சுங்க. மூடுபனியில இருந்து காப்பிச் செடிக்கு எவ்வளவு தண்ணி கிடைக்குதுன்னு ரெண்டு வருசமா அளந்துக்கிட்டு இருக்குது."

"என்கிட்ட வரவே இல்லையே?"

மலர் ஃபைலைத் திறந்து நீட்டினாள். மனுவின் ஓரத்தில் அவருடைய பச்சை மை: 'நல்ல உயரம். வரவேற்புக் குழுவில் சேர்க்கவும்.'

தனபால் தன் கையெழுத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "அந்தக் கண்ணு இப்ப எங்க இருக்குது?"

"காலையில இருந்து ஒண்டிக்கடை முக்குல மாலையோட நிக்குதுங்க. சிலி நாட்டுப் பையனை வரவேற்க."