ஹப்பின் பெயர்

மோசஸின் பழைய சைக்கிள் சாமான் கடையில் ஓர் இரும்பு ஹப் கிடந்தது. ஒரு காலத்தில் சக்கரத்தின் நடுவில் இருந்து அத்தனை கம்பிகளையும் இழுத்துப் பிடித்தது. அதன் பக்கத்தில் புது ஹப் ஒன்று வந்து சேர்ந்தது. அந்தப் பளபளப்பில் தன் துருவேறிய உருவத்தைப் பார்த்ததும் பழையதற்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"என்னைத் தேய்ச்சு விடேன்," என்று அருகில் கிடந்த உப்புத்தாளிடம் கெஞ்சியது.

தேய்த்துக்கொண்டே வந்த உப்புத்தாள் நடுவில் நின்றது. "இங்க ஏதோ எழுத்து தட்டுப்படுதுப்பா. உன்னைச் செஞ்ச கம்பெனி பேரு போல. இதை விட்டுடட்டுமா?"

"அதுதான் என் வயசைக் காட்டிக் கொடுக்குது. முதல்ல அதைத் தேய்."

மறுநாள், பழைய சைக்கிள்கள் சேர்க்கும் ஒருவர் கடைக்கு வந்தார். ஹப்பை ஆவலாக எடுத்து, கட்டைவிரலால் நடுவில் தடவினார். திருப்பிப் போட்டு மறுபடியும் தடவினார்.

"இந்த மாதிரி ஒண்ணைத்தான் ரொம்ப வருஷமா தேடறேன் மோசஸ். பேரே இல்லையே, எதை வச்சு நம்பறது?"

"நான்தான் அது!" என்று ஹப் கத்தியது. மனிதர் காதில் விழவில்லை. அவர் அதை வைத்துவிட்டு, மூலையில் கிடந்த துருப்பிடித்த ரிம்மைத் துடைத்து, எழுத்தைப் படித்து, சந்தோஷமாக வாங்கிப் போனார்.

ஹப் உப்புத்தாளிடம் மெதுவாகக் கேட்டது: "என் பேரு என்னன்னு நீயாவது படிச்சியா?"

"படிக்கலையேப்பா," என்றது உப்புத்தாள். பிறகு தன்மேல் ஒட்டியிருந்த கறுப்புத் தூளைக் காட்டியது. "ஆனா இதுலதான் இருக்கு."