கரும்பலகையின் முதல் வரி

"படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன் மேடம். ஒருத்தர் காதிலயும் ஏறலையா?"

பெயிண்டர் சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில், போன வாரம் அவரே அடித்துக் கொடுத்த கரும்பலகை பெயிண்ட். மளிகை லிஸ்ட், கேஸ்காரர் நம்பர், பரீட்சைத் தேதி என்று எதை வேண்டுமானாலும் எழுதி எழுதி அழிக்கலாம் என்றுதான் ஆசைப்பட்டு அடிக்கச் சொன்னார்கள். இப்போது நட்டநடுவில் ஒரே ஒரு வரி, எப்படித் துடைத்தும் போகாமல் வெளிறித் தெரிந்தது.

'அம்மா, சர்க்கரை தீர்ந்துடுச்சு.'

"பெயிண்ட் காய்ஞ்சதும் சாக்பீஸைப் படுக்கவெச்சு சுவர் முழுக்கத் தேய்க்கணும். அதைத் துடைச்சிட்டுத்தான் எழுதணும். இல்லேன்னா முதல்ல எழுதினது உள்ளே இறங்கிடும். ஜென்மத்துக்கும் போகாது."

"என்கிட்ட யாரும் சொல்லலையே அண்ணே. அன்னிக்கு எனக்கு டியூட்டி. அவர்கிட்ட சொல்லியிருப்பீங்க, அவர் மறந்திருப்பார்" என்றாள் அவள். நர்ஸ் உடுப்பில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராக நின்றிருந்தாள்.

பெயிண்டர் இருந்த எரிச்சலில் அதைக் காதில் வாங்கவில்லை.

"சார் காலையிலேயே போன் பண்ணி ஒரு பிடி பிடிச்சிட்டார். ஈரத்துணி, சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ் எல்லாம் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தாராம்."

அவள் கணவர் அந்த ரகம்தான். சுவரில் ஓர் ஆணி கோணலாக இருந்தால்கூட அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"கொஞ்சம் நகருங்க மேடம். அரை மணி நேரத்துல மேல ஒரு கோட் இழுத்துடறேன்."

அவள் நகரவில்லை. சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"வேண்டாம் அண்ணே. சார்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"நாலு பேர் பார்த்தா யார் அடிச்சதுன்னு கேட்பாங்க. என் பேர்தான் கெடும்."

"கேட்டா நல்ல பெயிண்டர்னு நானே சொல்றேன். இது மட்டும் இருக்கட்டும்."

"சர்க்கரை வாங்கியாச்சா, இல்லையா?"

"அன்னிக்கே ரெண்டு கிலோ வாங்கிட்டேன்."

"அப்புறம் எதுக்கு மேடம் இது?"

அந்த வரியை எழுதிய பெண் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இருந்தாலும் இவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவ நான் பெத்த பொண்ணு இல்லை அண்ணே. அவளைப் பெத்த அம்மா தவறிப்போய், நான் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு தடவைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க', 'கொஞ்சம் வாங்க', அவ்வளவுதான். நானும் வற்புறுத்தினதில்லை. ஸ்கூல் பஸ் வந்த அவசரத்துல கை தவறி எழுதிட்டா போல. கேட்டா கூசிப்போயிடுவாளோன்னு நானும் கேட்கலை. தவறி வந்ததா இருந்தா என்ன? எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை.

பெயிண்டர் பிரஷைக் கீழே வைத்தார். பாதி திறந்திருந்த டப்பா மூடியை அழுத்தி மூடினார்.

"நான் சார்கிட்ட ஒண்ணும் சொல்லலை மேடம். அவர் அன்னிக்கு ரூமைச் சாத்திக்கிட்டு போன்ல பேசிட்டிருந்தார். கடைசிவரைக்கும் பக்கத்துல நின்னு பார்த்தது பாப்பாதான். அதுகிட்டதான் எல்லாத்தையும் சொன்னேன். 'முதல்ல எழுதறது அழியவே அழியாதா அங்கிள்?'னு ரெண்டு தடவை கேட்டுச்சு. 'அப்பா துடைச்சாலுமா?'ன்னு மூணாவது தடவையும் கேட்டுட்டுத்தான் மேடம், நான் நீட்டின சாக்பீஸையே கையில வாங்கிச்சு."