எரியும் லைட்

"போன வாரம்தான் ஆக்சிஜன் சென்சாரை மாத்துனீங்க. மறுபடியும் டேஷ்போர்டுல இன்ஜின் லைட் எரியுது. டூப்ளிகேட் போட்டு ஏமாத்துறீங்களா?" மெக்கானிக் ஆல்வினிடம் எகிறினாள் ஃபீபி.

அவளுடைய மாமனார் ரத்தினசாமி, தன் பழைய காரின் மேல் கை வைத்தபடி நின்றார். ஆம்பூர் தோல் ஃபேக்டரியில் ரிடையர் ஆனவர். லைட் எரிந்தால் மெஷினைத் தொடக் கூடாது என்ற ஃபேக்டரிப் பழக்கம் அவருக்குக் காரிலும் உண்டு. அது அணையும் வரை வண்டியை எடுக்க மாட்டார்.

ஆல்வின் பானட்டைத் திறந்தான். அவன் கையை விட்டு ஃபீபி கண்ணை எடுக்கவில்லை.

"சென்சார் நல்லாத்தான் இருக்குது மேடம். யாரோ ஒயரைப் புடுங்கி வுட்டுருக்காங்க."

"உங்க ஆளுங்க யாராவது செஞ்சிருப்பாங்க. வேற சென்சார் வாங்கத்தானே இதெல்லாம்?"

ரத்தினசாமி சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து மருமகளின் கையில் வைத்தார்.

"அந்தத் தம்பியத் திட்டாதம்மா. நேத்து சாயங்காலம் நீதான் பானட்டத் தொறந்து ஒயரைப் புடுங்குன. பார்த்தேன். அந்த அளவுக்குக் கண்ணு தெரியுது. எதிர்ல வர்ற லாரிதான் தெரிய மாட்டேங்குது."