வெர்னானின் மேக்னம்

வெர்னானின் மேக்னம் ரிவால்வர் வெடித்தால் டெக்ஸாஸ் முழுக்கக் கேட்கும் என்பது துப்பாக்கி கிளப்பில் பழைய கேலி.

“சனிக்கிழமை போட்டிக்கு நான்தான் போறேன்,” என்றான் மனைவி டார்லாவிடம். “நீ விசையை அமுக்கும்போதே பயத்துல கையை இறக்கிடறே.”

“யாரு கை இறங்குதுன்னு பார்த்துடலாமா? நிஜத் தோட்டாவோட வெடிக்காத டம்மித் தோட்டாவும் கலந்து எனக்கு நீ போடு, உனக்கு நான் போடறேன். டம்மி வரும்போது உதைப்பு இருக்காது, கை இறங்கினா குட்டு வெளிப்பட்டுடும்.”

“உன் டம்மி உன்னோட முப்பத்தெட்டு காலிபர் பொம்மைத் துப்பாக்கிக்குத்தான் சரி. என் மேக்னத்துல சேராது.”

“உன் தோட்டா நீளம், என்னுதுல நுழையாது. என்னுது உன்னுதுல தாராளமா நுழையும்.”

கிளப்பின் சுடுதளத்தில் முதலில் டார்லா சுட்டாள். படபடவென்ற வெடிகளுக்கு நடுவே ஒரு ‘டிக்’. கை அசையவில்லை.

“குருட்டு அதிர்ஷ்டம்,” என்ற வெர்னான், அவள் தோட்டா போடுவதைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டான். டார்லா தோட்டாக்களைப் போட்டு மேக்னத்தை நீட்டினாள்.

‘டிக்.’ குழல் சட்டென்று தரையைப் பார்த்தது.

“இது டம்மி. அடுத்தது நிஜம்!”

‘டிக்.’ மறுபடியும் தரை. பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஐந்தாவதும் ‘டிக்’.

“கடைசி கண்டிப்பா நிஜம்!” பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அமுக்கினான். ‘டிக்.’ குழல் தரையைக் கொத்தியது.

“ஏமாத்துக்காரி! ஒண்ணுகூட நிஜம் போடலியே!”

டார்லா உள்ளங்கையை விரித்தாள். அவனுடைய ஆறு மேக்னம் தோட்டாக்களும் பத்திரமாக இருந்தன.

“அதான் ஒண்ணுமே வெடிக்கலையே ராசா, அப்புறம் எதுக்கு ஆறு தடவையும் பயந்தே?”