சந்தி சிரிக்க வேண்டாமா?

"அவருக்கு அல்சருங்க, காபி வேண்டாம். பால் மட்டும் குடுங்க" என்றாள் பூஜிதா. ரவிதேஜா தலையாட்டிவிட்டு, ஃபேன் காற்று அவள் மேல் படும்படி தன் நாற்காலியை நகர்த்திக்கொண்டான்.

எதிரே இருந்த சீனிவாசலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளும் மருமகனும் கோவையில் இந்த வக்கீல் ஆபீசுக்கு வந்திருப்பது விவாகரத்துக்கு! அதற்கு இந்தக் கொஞ்சல் ஒரு கேடா?

"கோர்ட்டுல சண்டை போட வேண்டியதில்லைங்க. இங்கயே எல்லாம் பேசி முடிச்சுட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து மனு போட்டாப் போதும்" என்றாள் பூஜிதாவின் வக்கீல் மதிவதனி. ரவிதேஜாவின் வக்கீலோ, அவள் நீட்டிய தட்டிலிருந்து வர்க்கி எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார். தூ, இதுகளெல்லாம் வக்கீலாம்!

"சாய்ப்ரியாவுக்குக் காய்ச்சல்னா, அவ யார் ஊட்டுல இருந்தாலும் ரெண்டு பேருமே வந்தர்றோமுங்க" என்றான் ரவிதேஜா.

"புள்ளை முன்னால ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்றதில்லைன்னும் எழுதிக்கலாமுங்க" என்றாள் பூஜிதா.

சீனிவாசலு மேசையைத் தட்டினார். தங்கை கேஸை ஈரோட்டில் வருஷக்கணக்கில் இழுத்து, அவள் புருஷனைச் சந்தி சிரிக்க வைத்தவர் அவர். பம்ப்செட் கம்பெனி முதலாளி வீட்டு விவாகரத்து, பந்தியில் பாயசம் பரிமாறுவது போலவா நடப்பது?

"இதெல்லாம் நம்மளுக்கு ஆகாது. கோர்ட்டுக்கே இழுங்க! நாலு பேர் முன்னால இவன் தலைகுனிஞ்சு நிக்கோணும்!"

"அப்ப இதுல... கூண்டுல ஏறி, ஊட்டுல நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டியதில்லீங்களா?" சன்னமான குரலில் கேட்டாள் அவர் மனைவி ராமாமணி.

"வேண்டியதில்லைங்கம்மா" என்றாள் மதிவதனி.

"உனக்கென்ன தெரியும்? வாயை மூடிக்கிட்டு உக்காரு" என்று அதட்டினார் சீனிவாசலு. அவளும் வழக்கம்போல் மூடிக்கொண்டாள். மகளை நினைத்துக் கவலை போலிருக்கிறது, பெற்ற மனசு.

"நைனா, அம்மாவை அப்படிப் பேசாதீங்க" என்றாள் பூஜிதா.

"பேசுனா என்ன? முப்பது வருஷமா இப்படித்தான் பேசறேன். கை நீட்டியும் இருக்கறேன். உன்னையாட்டவா ஓடுனா? அவ குடும்பப் பொம்பளை! ஒரு நாளாச்சும் பிரியறேன்னு சொல்லியிருப்பாளா? நீங்களே கேளுங்க வக்கீலம்மா!"

மதிவதனி கேட்கவில்லை. ராமாமணியே முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"இப்படி ஒண்ணு இருக்குதுன்னு இன்னைக்குத்தானுங்க தெரியுது."